பேய்த் தம்பிக்குப் பிழைக்க ஒரு வழி

வா தம்பி, வா. அந்தப் புளியமரத்துல தொங்கிக்கிட்டு எம்புட்டு நேரந்தான் காலை ஆட்டுவ? கீழ எறங்கி இந்தக் கல்லுல உக்காரு. பயப்படாத, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். எண்பது தாண்டுன கெழவன். பொழுதடைஞ்சா கண்ணு தெரியாது. உன்னைப் பாத்து அலறணும்னா, மொதல்ல நீ எனக்குத் தெரியணும்லா?

உன் பேரைக் கேக்க மாட்டேன். பேரு கேட்டாலே உங்க ஆளுக தலையை விரிச்சுப்போட்டு ஆட ஆரம்பிச்சிருவாக. தம்பின்னே வச்சுக்கிடுதேன். சங்கரன்கோவிலுக்கு நீ புதுசுன்னு தெரியுது. பழைய ஆளா இருந்தா இங்க வந்து சலங்கை கட்டிக்கிட்டு நிக்க மாட்ட. நடுச்சாமத்துலயும் விசைத்தறி ஓடுத ஊரு இது. உன் சலங்கை எவன் காதுல விழும்? மல்லிகைப்பூ வாசத்தைக் கெளப்பி விட்டா மிரளுவான்னு நினைச்சியோ? இங்க பூ மார்க்கெட் இருக்குடே. மல்லியும் பிச்சியும் மூட்டை மூட்டையா வந்து எறங்குது. வாசம் வந்தா, இன்னைக்குக் கிலோ என்ன விலைன்னு கேப்பானே ஒழிய, ஓட மாட்டான்.

ஆனாலும் நீ வந்து சேந்த ஊரு நல்ல ஊரு. இந்தக் கோவில் கதை தெரியுமா? சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராசாக்கள். ஒருத்தன் சிவன்தான் பெரிசும்பான், இன்னொருத்தன் பெருமாள்தான் பெரிசும்பான். அந்த வழக்கு தீரத்தான் கோமதி ஆத்தா தவசு இருந்தா. சாமி பாதி சிவனும் பாதி பெருமாளுமா சங்கரநாராயணனா வந்து நின்னாரு. அதைத்தான் வருசா வருசம் 12 நாள் ஆடித்தவசுன்னு கொண்டாடுதோம். வழக்குப் போட்ட பாம்புகளை வெரட்டுனோமா? இல்ல. புத்துல குடிவச்சோம். அந்தப் புத்துமண்ணை நெத்தியில பூசுதோம், நோவு நொடின்னா தண்ணியில கரைச்சுக் குடிக்கோம். வம்புக்கு வந்தவனுக்கே ஒரு சோலி போட்டுக் குடுக்குத ஊரு. உனக்கும் கிடைக்கும். நான் சொல்லுத மாதிரி மட்டும் நட.

வெளிநாடு போயிரலாம்னு ஒரு நப்பாசை இருக்கும் உனக்கு. எங்க பயலுக எல்லாத்துக்கும் இருக்கே, உனக்கு இருந்தா என்ன? போறதுன்னா கேட்டுக்கிட்டுப் போ. ஜப்பான்ல உங்க ஆளை ஓனின்னு சொல்லுதான். பிப்ரவரி மொத வாரத்துல ஒரு நாள், வீட்டுக்கு வீடு வறுத்த சோயாப் பயறை அள்ளி, பேயே வெளிய போன்னு எறிவான். திங்கப் போட்டாலாவது பரவாயில்ல, மூஞ்சியில எறியிதான். பைபிள் சொல்லுத தேசத்துல இன்னும் மோசம். ஒரே ஆளுக்குள்ள ஒரு பட்டாளமே குடியிருந்துச்சு. ஏசுநாதர் வெரட்டவும் அம்புட்டுப் பேரும் ரெண்டாயிரம் பன்னிக்குள்ள பூந்தானுக, பன்னியெல்லாம் கடல்ல விழுந்துச்சு. பன்னிக்காரனுக்கு யாரும் நட்டஈடு குடுத்ததாத் தெரியலை. ஐரோப்பாவுல 1400-க்கு மேல ஒரு முந்நூறு வருசம் பேய் வேட்டை நடந்துச்சு பாரு, அதுல ஒரு பேயாவது மாட்டுச்சா? பேய்க்குக் கூட்டாளின்னு சொல்லி, பாவப்பட்ட கெழவிகளையும் வெறும் மனுசரையும் எரிச்சுத் தீத்தானுக. அங்க உனக்கு ஒண்ணும் ஆகாது. உன் பேரைச் சொல்லி அடுத்தவளுக்கு ஆகும்.

பிழைக்கத் தெரிஞ்ச பேயும் உலகத்துல இருக்கு. இராக் பக்கம் ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முந்தியே பசூசூன்னு ஒருத்தன் இருந்தான். நாய் மூஞ்சி, றெக்கை, தேள் வாலு. அவனைப் பாத்தா உனக்கே குலை நடுங்கும். புள்ளத்தாச்சியையும் பச்சப்புள்ளையையும் தூக்குத லமாஷ்டுன்னு ஒரு பொல்லாதவ அங்க உண்டு. அவளை வெரட்ட இவன் தலையை வார்த்துக் கழுத்துல கட்டிக்கிட்டாளுக. நம்மூர்ல புதுசாக் கட்டுத வீட்டு முன்னால திருஷ்டி பொம்மை தொங்குதே, அதுக்கு இவன் பெரியப்பன் முறை.

சீனாக்காரன் கதை இன்னும் ருசி. சோங் குய்னு ஒரு படிச்ச பையன். பரீட்சையில மொத ஆளாத் தேறிட்டான். ராசா மூஞ்சியப் பாத்தாரு, இம்புட்டு அவலட்சணமான்னு பட்டத்தை இல்லைன்னுட்டாரு. பய அரமனைப் படியிலயே தலையை முட்டிச் செத்தான். செத்த பிறகு பேய்களைப் புடிச்சு அடைக்குத அதிகாரியா அவனையே வச்சுட்டாக. உயிரோட இருக்கையில வேலை கிடையாது, செத்த பொறவு ஆர்டர் வருது. நம்மூர்ல சர்க்கார் பரீட்சை எழுதிட்டுக் காத்துக் கெடக்குத பயலுக காதுல இது விழுந்துராம பாத்துக்க.

சிலோன்லயும் வெவரமாத்தான் வச்சிருக்கான். 18 சன்னின்னு நோவுக்கு ஒரு பேய், பேய்க்கு ஒரு முகமூடி. காய்ச்சலுக்கு ஒருத்தன், செவிடுக்கு ஒருத்தன். ராவெல்லாம் பறையடிச்சு, ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டு நடுவுல நிப்பாட்டிக் கேலி பண்ணுவான். ஊரே சிரிக்கும், நோவாளியும் சிரிப்பான். உங்களுக்கு மேல வெஸ்ஸமுனின்னு ஒரு ராசா இருக்காராம். அவரு உத்தரவு குடுத்த அளவுக்குத்தான் ஆட்டம். பிரியாணிக் கடையில ஒரு பாய் எனக்குச் சொன்னாரு, சுலைமான் நபி ஜின்களை வச்சே கட்டடம் கட்டுனாராம். நம்ம திருச்செந்தூர்லயும் இதே கதைதான். சூரபதுமன் மாமரமா நின்னான், முருகன் வேலு அவனை ரெண்டாப் பொளந்துச்சு. ஒரு பாதி மயிலு, ஒரு பாதி சேவலு. ஒண்ணு வாகனம், ஒண்ணு கொடி. கொன்னு போட்டிருந்தா ஒரு நாள் சேதியோட முடிஞ்சிருக்கும். இப்பம் ஒரே ஆளுக்கு ரெண்டு உத்தியோகம்.

நீ ஆசைப்பட வேண்டியது எங்க சுடலைமாடன் அண்ணாச்சி இடத்துக்குத்தான். கயிலாசத்துல விளக்குச் சுடர் பார்வதியம்மா முந்தியில விழுந்து, புள்ளையா ஆனவரு. அம்புட்டுச் செல்லமா வளத்த புள்ள, ராத்திரியோட ராத்திரியா எழுந்துபோயி சுடுகாட்டுப் பொணத்தைத் தின்னுட்டு வந்து படுத்துக்கிடுச்சு. சிவன் என்ன செஞ்சாரு? அடிக்கலை. இங்க உனக்கு ஒத்துவராது, பூமிக்குப் போ, சுடுகாட்டை நீயே பாத்துக்கன்னு அனுப்பிட்டாரு. இன்னைக்குத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு அவர் பீடம் இல்லாத ஊரைச் சொல்லு பாப்போம். கொடைன்னா வில்லுப்பாட்டு உண்டு, கணியான் கூத்து உண்டு, மகுடம் அடி உண்டு. நடுச்சாமம் சாமியாடி தீப்பந்தத்தோட மயான வேட்டைக்குக் கெளம்புவாரு. ஆடு, சேவல், சாராயம், சுருட்டு எல்லாம் வரும். பொணம் தின்ன புள்ளை ஊருக்கே காவக்காரன் ஆகியாச்சு.

வெள்ளைக்காரனையும் நாங்க விடலை. 1809-ல திருவிதாங்கூர்க் கோட்டைச் சண்டையில கேப்டன் போல்னு ஒருத்தன் அடிபட்டுச் செத்தான். அகாலச் சாவு, சும்மா இருப்பானா? நம்மாளுக அவனுக்கும் படையல் போட்டுட்டாக. பிராந்தியும் சுருட்டும். அவனவன் என்ன குடிச்சானோ அதை வைக்கணும்கிற நியாயம் நமக்குத் தெரியும்லா. கால்டுவெல் பாதிரி ஐயா இடையன்குடியில உக்காந்து, இந்தச் சனங்க பேயையில்ல கும்பிடுதுன்னு தலையில அடிச்சுக்கிட்டு எழுதுனாரு. தன் நாட்டு ஆளுக்கே சுருட்டு பத்தவச்சதைப் பாத்து அவருக்கு எப்படி இருந்திருக்கும்! பொலிவியான்னு ஒரு நாடு, அங்க பொட்டோசி மலையில வெள்ளிச் சுரங்கம். சுரங்கத்துக்குள்ள கொம்பு வச்ச பேய்ச் சிலை ஒண்ணு உக்காந்திருக்கு. எறங்குதவன் எல்லாம் அது வாயில சிகரெட்டைச் செருகி, சாராயம் தெளிச்சுட்டுத்தான் மம்பட்டியைத் தூக்குவான். அதை அவனுக மாமான்னு கூப்பிடுதானுக. நமக்கு ஒறவு மொறை எங்கெல்லாம் இருக்கு பாரு.

சரி, இப்ப சொல்லு. யாரைப் புடிக்கப் போற?

வாயைத் தொறக்க மாட்டேங்கியே. எனக்குத் தெரியும். தலைக்கு எண்ணெ தேச்சு, தனியா வாய்க்காலுக்குப் போற புதுப்பொண்ணு. அப்படித்தான? உங்க ஆளுக எல்லாம் இதுல ஒரே மாதிரிதான். இத்தன வருசத்துல வட்டிக்காரனைப் பேய் புடிச்சு நான் பாத்ததில்ல. பத்திரம் பதியக் கவர் கேக்கிறவனைப் புடிக்கலை. தேர்தலுக்குத் தேர்தல் கும்பிடு போட்டுட்டுப் போறவனை, சீ, தொடக்கூட இல்ல. அவன் புடிச்சு ஆட்டுத ஆட்டத்துக்கு முன்னால உன் ஆட்டம் எம்மாத்திரம்னு பயந்துட்டியோ என்னமோ.

புடிக்கப்பட்ட புள்ள என்ன கேக்கும் தெரியுமா? எங்க சொக்காரன் வீட்டு மருமகளுக்கு வந்துச்சு ஒரு தடவை. கோடாங்கி உடுக்கை அடிச்சு, யாரு நீ, என்ன வேணும்னு கேட்டான். அம்மா வீட்டுக்குப் போகணும், கருவாட்டுக் கொழம்பு வேணும், வீட்டுக்காரன் ராத்திரி குடிச்சிட்டு வந்து அடிக்கப்படாதுன்னு வரிசையாச் சொல்லிச்சு. மாமனாரைப் பாத்து, ஏலே கெழட்டுப்பயலேன்னும் சொல்லிச்சு. அந்த மனுசன் கையைக் கட்டிக்கிட்டு, சரி தாயி, செய்தோம் தாயின்னு நின்னாரு. மறுநாளே கருவாடு வந்துச்சு, வண்டியும் வந்துச்சு. மூணு வருசமா அந்தப் புள்ள அழுது கேட்டு நடக்காத காரியம். உன் பேரை எரவலா வாங்கிச் சாதிச்சுக்கிட்டுது. அதனால புதுப்பொண்ணு கிட்ட நீ போகாத. அவளே கூப்பிட்டா மட்டும் போ. போனாலும் ரெண்டு நாள்ல எறங்கிரணும்.

எறங்கலைன்னா கோவிலுக்குத்தான் கொண்டு வருவாக. அம்மன் சன்னதிக்கு முன்னால சக்கரம் பதிச்ச குழி ஒண்ணு இருக்கு. புத்தி கலங்குனவுகளும் உங்க ஆளுக புடிச்சவுகளும் அதுல உக்காந்து அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருப்பாக. ஆத்தா அடிக்க மாட்டா, சும்மாத்தான் பாப்பா. ஊரு உறவு கூடவே உக்காந்திருக்கும். அது பாதி மருந்து. மீதி மருந்து பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டர் எழுதிக் குடுக்கிறது. ரெண்டையும் சேத்து எடுத்துக்கிட்டு எழுந்தவனை எனக்குத் தெரியும்.

ஏர்வாடிச் சங்கதி உனக்குத் தெரியுமா தம்பி? 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலம். பேய் புடிச்சதுகள்னு சொல்லி, ஓலைக் கொட்டகையில சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தாக. தீப்புடிச்சுது. ஓட முடியலை. 28 பேர். அதுல நீ செஞ்சது ஒண்ணுமில்ல. உனக்குச் சங்கிலி செய்யத் தெரியுமா, பூட்டுப் போடத் தெரியுமா? அதையெல்லாம் காசு வாங்கிக்கிட்டு மனுசன்தான் செஞ்சான். பொறவு சர்க்கார் முழிச்சுது. 2017-ல வந்த சட்டத்துல, மனநோவுக்காரரைச் சங்கிலியால கட்டப்படாதுன்னே எழுதி வச்சிருக்கு. இதை மட்டும் உங்க ஆளுக கிட்டப் போய்ச் சொல்லு, விளையாட்டில்ல.

இன்னொண்ணு. பீடம் போட்டுக் குடுத்தா நீ என்ன சாதின்னு கேப்பானுக. சிரிக்காத. கலிங்கத்துப்பரணியில செயங்கொண்டார், போர்க்களத்துல கூழ் காய்ச்சின பேய்களுக்கே பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய்னு தனித்தனியாப் பரிமாற வச்சிருக்காரு. சோழன் காலத்துலயே செத்தும் தீரலை. யாராவது கேட்டா, காரைக்கால் அம்மையார் வகையறான்னு சொல்லிரு. அவங்களா கேட்டு வாங்குன பேயுருவு. 63 நாயன்மார்ல, நிக்கிறவுகளுக்கு மத்தியில உக்காந்திருக்கிறது அவங்க ஒருத்திதான். அதுக்கு மேல எவனும் வாயைத் தொறக்க மாட்டான்.

ஊருக்கு மேக்க, ஓடைக்கரையில கொஞ்சம் எடம் கெடக்கு. பொறம்போக்கு, ஆனா யாரும் இன்னும் பட்டா வாங்கலை, சீக்கிரம் உக்காந்துக்க. செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு ஒரு ஆள் உயரத்துக்குப் பீடம் கட்டித் தாரோம். ஓடையில மணல் அள்ள ராத்திரி டிராக்டர் வருது, அதைத்தான் மொதல்ல நீ பாக்கணும். ஓட்டுறவனை விட்டுரு, கூலிக்கு வந்தவன், மூணு புள்ளைக்காரன். எசமானைப் புடி. அவன் கூட ஒரு நாய் இருக்கும், அதுக்கு நீ தெரிவ, கொலைக்கும். சமாளிச்சுக்க.

கொடை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. மழை இல்லைன்னா மூணு வருசம், அதுக்கு மூஞ்சியத் தூக்கப்படாது. ஆடு ஒண்ணு, சேவல் ரெண்டு, சுருட்டு நீ கேக்கிற மட்டும். சாராயந்தான் கொஞ்சம் சிக்கல். சர்க்கார் கடை மதியம் 12-க்குத் தொறந்து ராத்திரி பத்துக்கு அடைச்சிருவான், உனக்கோ நடுச்சாமத்துலதான் தாகம் எடுக்குது. வேணும்னா ஒம்பதரைக்குள்ள யாரு மேலயாவது வந்து சொல்லிரு.