சிவப்பு மூக்கர்

பிரிட்டனில் பல அலுவலகங்களில் இப்படி ஒருவர் இருப்பார். வருஷம் முழுக்கக் கணக்குப் பிரிவில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டு, மார்ச் மாதம் வந்ததும் மூக்கில் சிவப்புப் பந்தை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு படிவத்தோடு மேஜை மேஜையாக வருவார். தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸை நிரப்பிய குளியல் தொட்டியில் ஒரு மணி நேரம் உட்காரப் போகிறாராம். அதற்கு நீங்கள் எத்தனை பவுண்டு தருவீர்கள்? வேண்டுதல் ஏதுமின்றி மொட்டை போட்டுக்கொள்ளவும் தயார். சிலர் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதாக அறிவிப்பார்கள். அவர்களுக்குத்தான் வசூல் அமோகமாக இருக்கும். அதில் தர்ம சிந்தனை எவ்வளவு, பக்கத்து இருக்கைக்காரரின் சுயநலம் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நேராகக் காசைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, பீன்ஸ் எதற்கு என்று கேட்கலாம். போகலாம்தான், ஆனால் போக மாட்டார்கள். வெறுங்கையை நீட்டினால் கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் கூச்சம். நம் ஆள் இரண்டு பங்குக் கூச்சத்தையும் தன் மூக்கில் ஏற்றிக்கொள்கிறார். எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985-இல் திரைக்கதை எழுத்தாளர் ரிச்சர்ட் கர்டிஸும் நகைச்சுவை நடிகர் லென்னி ஹென்றியும் தொடங்கிய காமிக் ரிலீஃப் என்ற தொண்டு அமைப்பு இந்தச் சூட்சுமத்தை நம்பித்தான் கடை விரித்தது. 1988 பிப்ரவரி 5 அன்று பிபிசியில் நடந்த அதன் முதல் ‘சிவப்பு மூக்கு நாள்’ நிதி திரட்டும் நிகழ்ச்சியிலேயே சுமார் 1.5 கோடி பவுண்டு சேர்ந்தது. நகைச்சுவையின் தரத்தைப் பற்றிப் பேசாதிருப்பதும் ஒரு நன்கொடைதான்.

பசியை வைத்துச் சிரிப்பா என்பது இன்னும் கனமான கேள்வி. ஆனால் வம்பு வந்ததெல்லாம் மூக்கைக் கழற்றிவிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டபோதுதான். 2019-இல் இந்த அமைப்புக்காகப் போன தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டேசி டூலி, உகாண்டாவில் ஒரு குழந்தையைத் தூக்கிவைத்திருந்த படத்தை வெளியிட்டார். வெள்ளைக்கார ரட்சகர் என்ற பழைய கதை இது என்று நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாம்மி சாடினார். அவ்வருடம் சிவப்பு மூக்கு நாள் இரவின் வசூல் 2017-ஐவிடச் சுமார் 80 லட்சம் பவுண்டு குறைந்தது. பழியை அந்த ஒரு படத்தின் தலையில் மட்டும் போட முடியாது. ஆனாலும் அடுத்த ஆண்டே, பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படமெடுப்பதை நிறுத்தப்போவதாக அமைப்பே அறிவித்தது. பீன்ஸ் தொட்டியில் உட்கார்ந்தவரோ யாரையும் ரட்சிப்பதாகச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அவரைத்தான் யாராவது ரட்சிக்க வேண்டும்.

வெள்ளியன்று கூத்து முடிந்து, திங்கட்கிழமை அவர் மறுபடியும் கணக்குப் பிரிவில் இருப்பார். படிவத்தில் பெரிய தொகையை எழுதிவிட்டு இன்னும் கட்டாத மேலாளரின் பெயர் மட்டும் அவர் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கும்.