முதல் பக்கத்துக்கு முண்டியடித்தவர்கள்

உலகின் முதல் எஸ்.இ.ஓ. நிபுணர் யார் என்று என்னைக் கேட்டால், கணினியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஏதோ ஓர் அமெரிக்க பிளம்பர் என்றுதான் சொல்வேன். அந்த ஊரில் அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ‘யெல்லோ பேஜஸ்’ என்று தலையணை மொத்தத்தில் ஒரு டெலிபோன் புத்தகம் வரும். குழாய் உடைந்து கூடத்தில் தண்ணீர் ஓடும்போது எவனும் அந்தப் புத்தகத்தை ஆராய்ச்சி செய்ய மாட்டான். பிளம்பர் பகுதியில் மேலே இருக்கிற நம்பரைச் சுழற்றுவான். வரிசையோ அகரவரிசை. அப்பா வில்லியம்ஸ் என்று பேர் வைத்த பாவத்துக்கு ஒரு மனிதர் பட்டினி கிடக்க முடியுமா? கடைக்கு ‘ஏஏஏ பிளம்பிங்’ என்று பேர் மாற்றினார். எதிர்க்கடைக்காரர் இன்னொரு ‘ஏ’ சேர்த்தார். இத்தனை அமளியில் யாருடைய குழாய் வேலையும் துளி முன்னேறவில்லை.

கூகுளில் யாராவது எதையாவது தேடும்போது நம் பக்கம் அடுத்தவன் பக்கத்தை முந்திக்கொண்டு மேலே வரச் செய்யும் வேலைக்குத்தான் எஸ்.இ.ஓ. என்று பெயர். அதன் சரித்திரம் முழுக்க ஒரே கதைதான். யோக்கியன் யாரென்று கண்டுபிடிக்க ஒரு புத்திசாலி ஏதாவது அளவுகோல் செய்வான். மறுநாளே அந்த அளவுகோலுக்கு மட்டும் யோக்கியனாகத் தெரிவது எப்படி என்று டியூஷன் எடுக்க ஆள் வந்துவிடும்.

1994-ல் ஸ்டான்ஃபோர்டில் பி.எச்.டி. எழுதிக் கிழிக்க வேண்டிய ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இருவரும், ஆராய்ச்சி மாணவர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தார்கள். அதாவது, வேறு வேலை பார்த்தார்கள். இணையத்தில் தங்களுக்குப் பிடித்த பக்கங்களைப் பட்டியல் போட்டார்கள். அவர்களுடைய கணினிகளுக்கு அகெபோனோ, கோனிஷிகி என்று சூமோ மல்லர்களின் பெயர். யாஹூ பிறந்தது இப்படித்தான். ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்து, இது சமையல், இது சங்கீதம் என்று பிரித்து அடுக்கினார்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வரிசை என்ன? அதே அகரவரிசை. ஏஏஏ கோஷ்டி டெலிபோன் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து இங்கேயும் துண்டு போட்டு இடம் பிடித்தது.

இணையம் பெருத்த வேகத்துக்கு ஆள் வைத்து அடுக்கி மாளவில்லை. 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி ஆல்டாவிஸ்டாவைத் திறந்தது. இதில் வாசிப்பதும் அடுக்குவதும் மெஷின். ஒரு புரோகிராம் லிங்க் லிங்க்காகத் தாவி, கண்ணில் பட்ட பக்கத்தையெல்லாம் படித்துக் குறித்து வைக்கும். ‘ஸ்பைடர்’ என்று அதற்குச் செல்லப் பெயர். அந்தக் காலத்துத் தேடுபொறிகளின் ஞானம் சராசரியாக இவ்வளவுதான்: ‘செருப்பு’ என்ற சொல் எந்தப் பக்கத்தில் அதிகம் வருகிறதோ, அது செருப்பைப் பற்றிய உத்தமமான பக்கம்.

விடுவார்களா? செருப்பு செருப்பு செருப்பு என்று நானூறு தடவை எழுதினார்கள். படிக்கிறவர்கள் அதே பொருளால் அடிக்க வருவார்களே என்று, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். மனிதக் கண்ணுக்கு வெற்றிடம்; மெஷினுக்கோ செருப்புக் காப்பியம். பக்கத்தின் தலையில், பார்வையாளருக்குத் தெரியாமல், ‘இது இன்னின்னதைப் பற்றிய பக்கம்’ என்று சொந்தக்காரரே எழுதிவைக்க ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்று ஓர் இடம் உண்டு. நாணயமான மனிதர்களை மனத்தில் வைத்து யாரோ ஓர் அப்பாவி அமைத்த இடம். அதிலும் செருப்போடு சேர்த்து சினிமா நடிகைகளின் பெயர்களை அடைத்தார்கள்.

விளைவை ஸ்டான்ஃபோர்டின் இன்னும் இரண்டு மாணவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பெரிய தேடுபொறியில் ‘பில் கிளின்டன்’ என்று தேடினால், முன்னணியில் வந்தது அமெரிக்க ஜனாதிபதி மாளிகை அல்ல. அவரைக் கிண்டலடிக்கும் ஒரு ஜோக். அதைவிட ரசமான தகவல், 1997 நவம்பரில் முன்னணி வணிகத் தேடுபொறிகள் நான்கில் தன் பெயரைக் கொடுத்தால் முதல் பத்துக்குள் தன்னையே கண்டுபிடிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மாணவர்கள், பின்னாளில் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், செர்ஜி பிரின். விளம்பரக் காசில் வாழும் தேடுபொறி, இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்றும் அதே கட்டுரையில் கண்டித்து எழுதினார்கள். இதை மறக்க வேண்டாம். அவர்கள் மறந்துவிட்டார்கள், 2000-லேயே விளம்பரக் கடை திறந்துவிட்டார்கள்.

அவர்களுடைய ‘பேஜ்ரேங்க்’ யோசனையைப் புரிந்துகொள்ளக் கணிதம் வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வாங்கி வேலைக்கு அலைந்த அனுபவம் போதும். மனுப் போடுகிறவன் தன்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் புளுகுவான்; அதைத் தள்ளிவிட்டு, யார் யார் கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க் ஒவ்வொன்றும் ஒரு கடிதம். எல்லாக் கடிதமும் ஒன்றல்ல. கலெக்டர் எழுதியதும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் எழுதியதும் ஒரே எடையா? கலெக்டர் பெரியவர் என்று எப்படித் தெரியும்? அவருக்குப் பெரிய மனிதர்கள் எத்தனை பேர் கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார். கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற தாராள மனசுக்காரர் என்றால், அவருடைய எடையை அத்தனை கடிதத்துக்கும் பங்கு போட்டுவிடு. எங்கே ஆரம்பிப்பது என்று குழம்ப வேண்டாம். எல்லாரும் சமம் என்று தொடங்கி, திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டால் யார் பெரியவர் என்பது தானாக அடங்கி நிற்கும். 1999-ல், இந்த யோசனையில் பிறந்த கூகுளை எக்ஸைட் என்ற கம்பெனிக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவாகத் தள்ளிவிடப் பார்த்தார்கள். எக்ஸைட் வேண்டாம் என்றது. எக்ஸைட்டா, அது யார் என்று நீங்கள் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

சிபாரிசுக் கடிதத்துக்கு மவுசு வந்தால் கடிதம் அச்சடிக்கிற தொழிலும் வரும். ஆயிரக்கணக்கில் உப்புச்சப்பில்லாத தளங்களைத் திறந்து, ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்து, மீதியைக் காசுக்கு விற்றார்கள். லிங்க்கில் எழுதியிருக்கும் சொற்களையும் கூகுள் நம்புகிறது என்று சில குறும்பர்கள் கண்டுபிடித்தார்கள். பலர் கூடிப் பேசி, ‘மிசரபிள் ஃபெயிலியர்’ என்ற சொற்களை ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு லிங்க் ஆக்கினார்கள். 2003-ல் படுதோல்வி என்று தேடியவர்களுக்கெல்லாம் ஜனாதிபதியின் வாழ்க்கை வரலாறு முதலில் வந்து நின்றது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே கிடையாது. 2007 ஜனவரியில்தான் கூகுள் இந்தக் குறும்பு வெடியை நனைத்தது.

பெரிய வீட்டுப் பிள்ளைகளும் சளைக்கவில்லை. 2006-ல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம் மெஷினுக்கு மட்டும் ஒரு பக்கம் வைத்திருந்தது. அதில் ‘பழைய கார்’ என்பதற்கான ஜெர்மன் சொல் திரும்பத் திரும்ப. மனிதர் யாராவது அங்கே போனால் படாடோபமான வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும். கூகுள் தளத்தையே சில நாள் பட்டியலிலிருந்து தூக்கி வெளியே வைத்தது.

எனக்குப் பிடித்தது ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கக் கடையின் கதை. 2010 கிறிஸ்துமஸ் சீசனில் கவுன் தேடினாலும் கம்பளம் தேடினாலும் இந்தக் கடையே முன்னால் நின்றது. சாம்சனைட் பெட்டி என்று தேடினால் சாம்சனைட் கம்பெனிக்கும் மேலே! 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்தது. குறட்டை, மீன்பிடிப்பு, பல் வைத்தியம் என்று சம்பந்தமில்லாத தளங்களெல்லாம் பென்னியின் ஆடைகளுக்கு லிங்க் கொடுத்திருந்தன. கூகுளிடம் சொன்னார்கள். ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு சாம்சனைட் தேடலில் முதலிடம். ஒன்பது மணிக்கு 71-ஆம் இடம். எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லி, எஸ்.இ.ஓ. பார்த்த கம்பெனியை பென்னி வீட்டுக்கு அனுப்பியது.

அதே மாதம் கூகுளின் புதிய அளவுகோல் ஒன்று வந்தது, பேர் ‘பாண்டா’. கறுப்பு வெள்ளைக் கரடி அல்ல. நவநீத் பாண்டா என்ற எஞ்சினியரின் பெயர். விஷயமே இல்லாமல் தேடலுக்காக மட்டும் எழுதித் தள்ளிய பக்கங்களை அது கீழே அமுக்கியது. அமெரிக்காவில் சுமார் 12 சதவீதத் தேடல்களின் முடிவு மாறியது. அடுத்த ஆண்டு லிங்க் வியாபாரிகளைக் கொத்த ‘பெங்குவின்’. இந்தக் களேபரத்துக்கு நடுவே ஒழுங்காக எஸ்.இ.ஓ. செய்தவர்களும் இருந்தார்கள். ஜனங்கள் வாயில் வருகிற வார்த்தையைத் தலைப்பில் வைத்தார்கள், பக்கம் சட்டென்று திறக்கிறதா, ஃபோனில் படிக்க முடிகிறதா, கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சுவாரஸ்யமில்லாத ஆத்மாக்கள், சரித்திரத்தில் இவர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

2012 ஜனவரியில் இன்னொருவர் பிடிபட்டார். குரோம் பிரௌசரைப் புகழ்ந்து காசு வாங்கிக்கொண்டு எழுதிய பக்கங்கள் வெளியில் வந்தன. விதிக்கு மாறாக லிங்க்கும் இருந்தது. குரோம் யாருடையது? கூகுளுடையது. அந்தப் பிரிவை அப்போது கவனித்துக்கொண்டிருந்தவர் நம் சுந்தர் பிச்சை. லிங்க்கைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட கூகுள், தன் பக்கத்தைத் தானே குறைந்தது 60 நாள் கீழே இறக்கியது. பிரௌசர் என்று கூகுளில் தேடியவர்களுக்கு கூகுளின் பிரௌசர் முதல் பக்கத்தில் அகப்படவில்லை. வேறு கம்பெனியாக இருந்தால் இந்த இரண்டு மாதமும் கூகுளுக்குக் காசு கட்டி, மேலே விளம்பர இடத்தில் நின்று சமாளித்திருக்கும். கூகுளும் கட்டலாம், ரசீதுதான் யார் பேருக்கு எழுதுவது என்று தெரியாது.