மதுவிலக்குச் சட்டம் கடை போட்ட கதை

தெருமுனை டாஸ்மாக் கடைக்கு எந்தச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். கலால் சட்டம் என்பார்கள், கம்பெனிச் சட்டம் என்பார்கள். இரண்டும் இல்லை. சாட்சாத் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்! கம்பிக்கு உள்ளேயிருந்து குவார்ட்டரை நீட்டுகிறாரே, அந்தப் புண்ணியவான் சட்டப்படி மதுவிலக்கைத்தான் அமல்படுத்திக்கொண்டிருக்கிறார். இந்த அதிசயத்தை உண்டாக்க நம் பெரியவர்களுக்கு அறுபத்தாறு வருஷம் பிடித்தது.

முதல் பலி தென்னை மரங்கள். 1921இல் கள்ளுக்கடை மறியலுக்குக் காந்தி அழைத்தபோது, அப்போது காங்கிரஸில் இருந்த பெரியார், சேலம் தாதம்பட்டியில் தன் தோப்பிலிருந்த 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்பார்கள். இளநீருக்கும் தேங்காய்க்கும்கூட அந்தச் சத்தியாகிரகத்தில் மன்னிப்புக் கிடைக்கவில்லை. ராஜாஜி வேறு ரகம். அவர் கையிலெடுத்தது கோடரியல்ல, பேனா. 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்றொரு பத்திரிகை. கூடமாட உதவிக்குக் கல்கி. குடிகாரர்களுக்காக நடத்திய அந்தப் பத்திரிகையைக் குடிக்காதவர்கள்தான் ரசித்திருப்பார்கள் என்பது என் அனுமானம். பத்து இதழோடு அதற்கும் விமோசனம் கிடைத்துவிட்டது.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு வந்தது. எங்கே? அவருடைய சொந்த சேலம் ஜில்லாவில். ஊர்க்காரன் என்பதற்காகச் சலுகையா காட்ட முடியும்? தாகம் ஒரு பக்கம் இருக்க, கஜானாவில் விழுந்த ஓட்டை இன்னொரு பக்கம். அதை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி பிறந்தது. அதாவது, குடிகாரன் கொடுத்துவந்த பணத்தை இனிமேல் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற நல்லவன் கொடுக்க வேண்டும். பிற்பாடு மது திரும்பி வந்தது. வரி திரும்பிப் போகவில்லை. குடிக்காமல் இருப்பதற்குத் தண்டம் கட்டிய முதல் ஜனங்கள் நாமாகத்தான் இருப்போம்.

போர்க்காலத்தில் வெள்ளைக்கார கவர்னர் மதுவிலக்கை நிறுத்திவைத்தார். சுதந்திரம் வந்ததும் ஓமந்தூரார் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தார். வறண்ட காலம் என்று பெயர். உள்ளுக்குள் நசநசவென்று நனைந்துதான் கிடந்தது. லாரி டியூப் காற்றை அடைக்க மட்டுமல்ல என்பதைத் தமிழன் கண்டுபிடித்தது அப்போதுதான். மர பீரோவுக்குப் பூச வேண்டிய வார்னிஷ் மனிதனின் குடலுக்குப் போயிற்று. இஞ்சி டிஞ்சர் விற்ற மருந்துக்கடைகளைப் பார்த்தால் நாட்டில் அத்தனை பேருக்கும் அஜீரணம் என்று தோன்றும். வசதியுள்ளவருக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் பர்மிட். கூலிக்காரன் குடித்தால் குற்றம், கனவான் குடித்தால் வைத்தியம். இதற்கும் வழியில்லாத நடுத்தர வர்க்கத்துக்கு இருக்கவே இருந்தது புதுச்சேரி. அந்த நாளில் அங்கே போனவர்கள் எல்லோரும் அரவிந்தர் ஆசிரமத்துக்குத்தான் போனார்கள் என்று நம்பினால் நீங்கள் நல்லவர்.

1971இல் மத்திய அரசு ஓர் அறிவிப்பு செய்தது. புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலங்களுக்கு மானியம் உண்டு. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. ஒழுங்காக இருந்த பையனுக்கு மிட்டாய் இல்லை, திருந்துகிறேன் என்பவனுக்குத்தான் என்கிற மாதிரி. 'அப்படியானால் எங்களுக்கு மட்டும் எதற்கு?' என்று கருணாநிதி அரசு கடையைத் திறக்க முடிவு செய்தது. கொட்டும் மழையில் 92 வயது ராஜாஜி முதலமைச்சர் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மரியாதையாக உட்காரவைத்து அனுப்பினார்கள். ஆகஸ்ட் 30 அன்று மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது கதவாட்டம். 1973இல் கள்ளுக்கடை மூடல், 1974இல் சாராயக்கடை மூடல். மூடுவதற்குள் ஒரு தலைமுறை வழி தெரிந்துகொண்டுவிட்டது. 1981இல் மறுபடி திறந்தவர் எம்.ஜி.ஆர்.; படங்களில் மதுவுக்கு எதிராக ஊருக்கே பாடம் எடுத்தவர். 1983இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் மூடல், 1990இல் மலிவு விலை மது, 1991இல் ஜெயலலிதா வந்ததும் அதற்கும் மூடல். குடிகாரன் நிதானமாகத்தான் இருந்தான்; தள்ளாடியது அரசாணை.

2003இல் ஜெயலலிதா அரசு மதுவிலக்குச் சட்டத்தையே திருத்தி, சில்லறை விற்பனையும் டாஸ்மாக்குக்கே என்று எழுதிக்கொண்டது. ஏலத்தில் கொழுத்த தனியார் கும்பல் ஒழிந்தது. அந்தக் கொழுப்பு இடம் மாறியது. கடை மேற்பார்வையாளர் வேலைக்குப் பட்டதாரிகள் வந்தார்கள். பெற்றவர்கள் நிலத்தை விற்றுப் படிக்கவைத்தது வீண்போகவில்லை. மதுவிலக்கு அமைச்சரிடமே மின்சாரத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஷாக் இரண்டிலும் உண்டு. 2023-24இல் மது வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. வீட்டுக்காரர் கடையில் கொடுத்த காசு வீட்டுக்காரிக்கு இலவச மிக்ஸியாகத் திரும்பி வந்தது. அரைக்கத் தேங்காய் வாங்கத்தான் கூலி மிச்சமில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் அந்தஸ்தை மாற்றுவது சுலபம் என்று யோசித்த மூளையை மெச்சத்தான் வேண்டும். நகர்ந்த கடைகளோ குடியிருப்புக்குள் நுழைந்தன. 2017 முழுக்க, குடித்தறியாத பெண்கள்தான் துடைப்பத்தோடு வாசலில் நின்றார்கள். போலீஸ் காவல் கடைக்கு.

கடை இருந்தால் கள்ளச்சாராயம் இருக்காது என்பது ரொம்பப் பழைய வாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில், கடையும் இருந்தது, மெத்தனால் கலந்த பாக்கெட்டும் இருந்தது. 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள், குவார்ட்டர் விலை கட்டுப்படாதவர்கள்.

காந்தி ஜெயந்திக்கு டாஸ்மாக் விடுமுறை. ஆகவே அக்டோபர் 1 சாயங்காலம் எந்தக் கடையிலும் கால் வைக்க இடமிருக்காது. இரண்டு நாள் சரக்கையும் ஒரே மூச்சில் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார்கள். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த நாளை இவ்வளவு பேர் திரண்டு வேறெங்கும் கொண்டாடுவதில்லை.