இரண்டரை மாதக் காவலுக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்:
தகவல் பாதுகாப்புத் துறைத் தலைவர் அவர்கள்,
ஈக்விஃபாக்ஸ் கடன் தகவல் நிறுவனம், அட்லாண்டா.

பொருள்: 2017-ஆம் ஆண்டுக் காவல் பணிக்குப் பாராட்டு தெரிவித்தல் - தொடர்பாக.

ஐயா,

சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் உங்களிடமிருந்து களவு போனதற்காக ஊரே உங்களைத் திட்டித் தீர்த்தது. அவர்களில் பெரும்பாலோர் உங்களிடம் எதையும் கொடுத்து வைத்தவர்கள்கூட இல்லை. வங்கிகளும் கடன் அட்டைக்காரர்களும் கொடுத்ததை நீங்கள் சேர்த்து வைத்தீர்கள். கேட்காமலே செய்த உதவிக்கு இப்படியா நன்றி சொல்வது? எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் உங்கள் வேகம். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் ஓட்டை என்று மார்ச் 8-ஆம் தேதி அரசின் எச்சரிக்கை வந்தது. மறுநாளே நானூறு பேருக்கு மேல் மின்னஞ்சல் தட்டிவிட்டீர்கள். இதுபோன்ற ஓட்டையை 48 மணி நேரத்தில் அடைக்க வேண்டும் என்பது அப்போது உங்கள் விதி. நானூறு பேருக்குப் போன கடிதம் யாருக்கும் போகாத கடிதம் என்பது எந்த ஆபீசிலும் பியூன் வரைக்கும் தெரிந்த சங்கதி. ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. மே மாத நடுவில் ஆள் உள்ளே வந்தாயிற்று.

அசல் அழகு இனிமேல்தான். சங்கேதமாகப் போய்வரும் தகவலைப் பிரித்துப் பார்க்க ஒரு கருவி வைத்திருந்தீர்கள். அது வேலை செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்காகியிருந்தது. சான்றிதழ் இல்லாத கருவி மக்கர் பண்ணவில்லை, சத்தம் போடவில்லை; எதையும் பிரிக்காமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தது. சோதனைச் சாவடி இருக்கிறது, விளக்கு எரிகிறது, கம்பு மட்டும் மேலே தூக்கியே நிற்கிறது. வந்தவர்கள் தரவுத்தளங்களைச் சுமார் 9,000 தடவை துழாவி, கிடைத்ததை நிதானமாக மூட்டை கட்டினார்கள்.

ஜூலை 29 அன்று யாரோ புதுச் சான்றிதழைப் போட்டார். போட்டதுமே கருவி கண்ணைத் திறந்து திருடனைக் காட்டியது. அத்தனை நாளும் அதற்குப் பார்வைக் குறைவே இல்லை, ஐயா. கண்ணைக் கட்டியிருந்தது நீங்கள்.

அப்புறம் நாற்பது நாள் யோசித்து, செப்டம்பர் 7-இல் ஊருக்குச் சொன்னீர்கள். பாதிக்கப்பட்டோமா என்று பார்க்க 'ஈக்விஃபாக்ஸ்செக்யூரிட்டி2017' என்று தனித் தளமும் திறந்தீர்கள். இப்படியொரு பெயரில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாமே என்று காட்ட, ஒருவர் 'செக்யூரிட்டிஈக்விஃபாக்ஸ்2017' என்று ஒரு போலியைத் தொடங்கினார். அதில் ஏமாந்தது உங்கள் ட்விட்டர் கணக்கேதான். வந்து கேட்டவர்கள் சிலரை அங்கேயே அனுப்பி வைத்தது, அதுவும் பல தடவை.

பதவி விலகிய உங்கள் நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் ஸ்மித், ஓட்டை அடைபடாததற்கு ஒரு தனி ஊழியரின் தவறும் காரணம் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொன்னார். மின்னஞ்சல் நானூறு பேருக்கு, பழி ஒருவருக்கு. இந்தச் சிக்கனத்தைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன்.

ஒரு சின்ன விண்ணப்பம். இப்போதிருக்கும் சான்றிதழ் என்றைக்குக் காலாவதி என்று யாராவது காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாரா? நானூறு பேரைக் கேட்க வேண்டாம். ஒருவர் பதில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அபிமானி