ஒரு கையெழுத்து குறைகிறது

அனுப்புநர்: சிறு மென்பொருள் சப்ளையர், பெருங்குடி, சென்னை.
பெறுநர்: ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.
பொருள்: தனிநபர் தரவு எல்லை தாண்டுவதும் தங்களின் 400 யூரோவும் தொடர்பாக.
பார்வை: தங்களின் நிலையான ஒப்பந்த விதிகள், நாள் 04.06.2021.

மாண்புமிகு ஆணையத்தாரே,

ஜெர்மன் கம்பெனி ஒன்றின் சம்பளப் பட்டியல் மென்பொருளைப் பராமரித்துப் பிழைக்கிறோம். சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் நைட் ஷிஃப்ட் பையன் இங்கிருந்து லாகின் செய்து ஒரு சம்பளச் சீட்டைத் திரையில் பார்த்தாலே தரவு எல்லை தாண்டியதாகக் கணக்கு. ஜப்பானுக்கும் தென் கொரியாவுக்கும் தாங்கள் தந்த 'போதுமான பாதுகாப்பு' என்ற நற்சான்று இந்தியாவுக்கு இல்லை. ஆகவே மேற்படி விதிகளில் கையெழுத்துப் போட்டோம். வாசகத்தில் கைவைக்கக் கூடாது, பின்னிணைப்புகளை நிரப்பலாம் என்றார்கள். நிரப்பினோம்.

அதில் 14ஆவது விதி இருக்கிறதே, அதை எழுதிய புண்ணியவான் யாரோ! இந்தியச் சட்டங்கள், ஜனநாயக சமூகத்துக்குத் தேவையான அளவை மீறித் தரவில் தலையிடுகின்றனவா என்று நாங்கள் ஆராய்ந்து எழுதி வைக்க வேண்டுமாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 69 அரசுக்கு இடைமறித்துப் பார்க்கும் அதிகாரம் தருகிறது. அது அளவோடு இருக்கிறதா என்பது உச்ச நீதிமன்றம் அமர்வு போட்டு விசாரிக்க வேண்டிய சங்கதி. எங்கள் ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அம்மா விசாரித்தார். மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுப் பழகிய கை.

இப்படிப் பயபக்தியோடு இருந்த எங்களை 2025 ஜனவரி 8 அன்று வந்த செய்தி கலங்கடித்துவிட்டது. ஐரோப்பாவின் எதிர்காலம் பற்றிய மாநாட்டுக்காகத் தாங்கள் நடத்திய இணையதளத்தில், ஃபேஸ்புக் வழியாக உள்ளே வர ஒரு இணைப்பு வைத்திருந்தீர்கள். 2022 மார்ச்சில் ஜெர்மானியர் ஒருவர் அதை அழுத்த, அவருடைய ஐபி முகவரி ஃபேஸ்புக்கை நடத்தும், அமெரிக்காவிலுள்ள மெட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவுக்குத் தரவு அனுப்பத் தாங்கள் செய்த முதல் ஏற்பாட்டை 2015இலும் அடுத்ததை 2020இலும் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியிருந்தது. மூன்றாவது 2023இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்களிடம் வாங்கியதைப் போன்ற ஒப்பந்த விதி ஏதாவது இருந்ததா? இருந்ததாகத் தாங்கள் நிரூபிக்கவில்லை, சொல்லிக்கொள்ளக்கூட இல்லை என்று ஐரோப்பியப் பொது நீதிமன்றம் கண்டது. அவருக்கு 400 யூரோ கொடுக்கச் சொன்னது.

தங்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் தவறினால் அபராதம் 2 கோடி யூரோ வரை, அல்லது உலக விற்றுமுதலில் 4 சதவீதம் வரை. எது அதிகமோ அது. எங்கள் உலக விற்றுமுதலில் 4 சதவீதம் டீக்கடை பாக்கிக்குத்தான் காணும். ஆகவே எங்களுக்கு 2 கோடி. 2 கோடி அபராதம், 400 இழப்பீடு, இரண்டையும் குழப்பாதே என்பீர்கள். வாஸ்தவம். தொகையைப் பார்த்தால் குழப்பம் வராது.

2024 மார்ச்சில், மைக்ரோசாஃப்ட் 365 மென்பொருளைப் பயன்படுத்தியதில் தாங்கள் விதி மீறியதாகத் தங்கள் தரவுப் பாதுகாப்புக் கண்காணிப்பாளரே முடிவு செய்தார். 2025 ஜூலையில் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் அவரே அறிவித்தார். வாழ்த்துகள். எங்களுக்கு அவ்வளவு அவகாசம் தரும் கிளையன்ட் இன்னும் பிறக்கவில்லை.

ஆகவே பணிவான விண்ணப்பம்: அடுத்த முறை இணையதளத்தில் இப்படி ஒரு இணைப்பு வைக்குமுன் எங்களுக்கு ஒரு மெயில் தட்டுங்கள். பின்னிணைப்புகளை நிரப்பி மறுநாளே அனுப்பிவைக்கிறோம், கட்டணம் வேண்டாம். கையெழுத்தை மட்டும் தாங்கள் போட்டால் போதும்.

இப்படிக்கு,
விதிகளுக்குக் கட்டுப்பட்ட சப்ளையர்