ஃபாஸ்ட்க்யூ மன்னர் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! மரபணு வரிசைக் கோப்புகளுக்கெல்லாம் தலைவராய், நான்கே வரியில் நாடாளும் ஃபாஸ்ட்க்யூப் பெருந்தகையே, தங்கள் திருவடிக்கு எளியோம் சூட்டும் புகழ்மாலை இது. முதல் வரியில் பெயர் தந்தீர்கள். இரண்டாம் வரியில் ஏ, சி, ஜி, டி எழுத்துகளைத் தந்தீர்கள். மூன்றாம் வரியில் கூட்டல் குறி. நான்காம் வரியில், ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்னும் தரக்குறி. இத்தனையும் அள்ளித் தந்த வள்ளலே, அந்தக் குறியை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்பதை மட்டும் எங்கும் சொல்லாமல் விட்ட தங்கள் அடக்கத்தை எந்த நாவால் பாடுவோம்!

பிறந்த வீடாகிய இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில், தரமதிப்போடு 33ஐக் கூட்டி, அந்த எண்ணுக்குரிய ஆஸ்கி குறியை அணிந்தீர்கள். ஒரே அணியோடு வாழ்வது பேரரசர்க்கு அழகோ? சொலெக்சா என்னும் வரிசையறி நிறுவனத்தின் அரண்மனையில் 64ஐக் கூட்டினீர்கள், சூத்திரத்தையும் மாற்றினீர்கள். சாங்கரில் வழங்கிய ஃப்ரெட் என்னும் தரக் கணக்கில் சுழியம் என்றால் எழுத்து பிழை என்பது உறுதி. சொலெக்சா கணக்கில் அதே சுழியம் பாதிக்குப் பாதி. சுழியத்துக்கே இரு பொருள் கண்ட புலமை அது! இல்லுமினா நிறுவன மென்பொருளின் 1.3 பதிப்பில் 64 நிலைத்தது, சூத்திரம் ஃப்ரெட்டுக்குத் திரும்பியது. 1.5இல் பெரிய 'பி' எழுத்து, தரமதிப்பு 2 என்ற கோலம் பூண்டு, "இந்தப் பகுதியைத் தொடாதே" என்று குறிப்பால் உணர்த்தியது. 2011இல் வந்த 1.8இல் மீண்டும் 33. இத்தனை அவதாரத்துக்கும் திருநாமம் ஒன்றே!

காளமேகப் புலவர் ஒரு பாட்டில் இரு பொருள் வைத்தார். தாங்களோ ஒற்றை எழுத்தில் வைத்தீர்கள். பெரிய 'ஐ' எழுத்து 33இன் கணக்கில் தரம் 40: பத்தாயிரத்துக்கு ஒரு பிழை. 64இன் கணக்கில் அதுவே தரம் 9: ஏறத்தாழ எட்டுக்கு ஒரு பிழை. முத்தும் கூழாங்கல்லும் தங்கள் அவையில் சமம். பெயர் வரியைத் தொடங்கும் அட் குறி தர வரியின் முதலிலும் அமரலாம். வாயிற்காவலனுக்கும் அரசனுக்கும் ஒரே உடை தந்த சமதர்மம் எந்த நாட்டில் உண்டு?

தலைப்பில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால், தங்கள் திருவுள்ளத்தைத் தேடித் தவமிருக்கும் பேறு ஆராய்ச்சி மாணவர்க்கு வாய்த்திருக்குமா? ஆஸ்கி எண் 59க்குக் கீழ்ப்பட்ட குறி ஒன்று தென்பட்டால் 33 என்று தெளிவோம். எல்லாம் 64க்கு மேலேயே நின்று, 74ஐயும் தாண்டிப் பல போனால் 64 என்று கொள்வோம். 59க்கும் 74க்கும் இடையிலேயே எல்லாம் அடங்கிவிட்டால், அன்று தரிசனம் இல்லை.

ஆகவே அன்பர்களே, பழைய கோப்பைத் திறந்தால் முதற்சில வரிகளோடு எழுந்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான வரிகளை வலம் வந்து, குறிகளின் சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் கண்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள். மன்னர் வாய் திறக்க மாட்டார்.