புதுக் காரின் மறுவிற்பனை விலையேற்றம்: எலுமிச்சைச் சிக்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஷோரூமில் எடுத்த புதுக் காரை, எடுத்த விலைக்கு மேல் ஒரு தொகை வைத்துக் கைமாற்றி விடுவதை நாகரிகமானோர் ‘பிரீமியம்’ என்பர். தியேட்டர் வாசலில் டிக்கெட் வாங்கிப் பழகியோர் ‘பிளாக்’ என்பர். இத்துறையில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை என்று முதல் பத்தியிலேயே அறிவித்துவிடுவது மரபு. அறிவித்தாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுத்தான் அறிவிக்க வேண்டும் என்று மரபு வற்புறுத்துவதில்லை.

எதையும் சங்க காலத்தில் தொடங்குவதே முறை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். ஆனால் அந்த முல்லை தேரை மேல்விலைக்குத் தள்ளிவிட்டதற்குச் சான்று கிட்டவில்லை. ஆகவே மனமின்றி இருபதாம் நூற்றாண்டுக்கு வருகிறேன்.

ஆண்டுக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை உரிமம் கொடுத்து அரசே நிர்ணயித்த காலத்தில், பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்தவர்கள் பத்தாண்டு வரைகூடக் காத்திருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் டிரபான்ட் காருக்கும் காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டியது; அங்கே ஓடித் தேய்ந்த பழைய வண்டி, தொழிற்சாலைப் புது வண்டியைவிட அதிக விலைக்குப் போனது. இங்கே 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. வரிசை நீண்டது, வரிசையில் கிடைத்த இடத்துக்கே விலை பிறந்தது. விற்கப்படுவது கார் அன்று, காத்திருப்பு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதை ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஒரு வரிக்கு யாரும் பட்டம் தருவதில்லை.

கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்று 1993-இல் ஆனது. அத்துடன் இவ்வியல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2024 அக்டோபர் 3 அன்று தார் ராக்ஸ் காருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் பதிந்தார்கள். முன்பணம் 21,000 ரூபாய். எனவே இவ்வியல் தொடர்கிறது.

விற்போர் மூவகையர். தொழிலர்: புரோக்கர். தற்செயலர்: புரோக்கரின் மைத்துனர். மனம் மாறியோர்: ‘வீட்டுக்காரிக்கு கலர் பிடிக்கலை’ என்போர். ஊரே அலைந்து தேடும் நிறம் மட்டும் இவர்கள் வீட்டில் பிடிக்காமல் போவது மேலாய்வுக்குரியது.

இனி எலுமிச்சைச் சிக்கல். டெலிவரி எடுத்ததும் நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம் வைத்து நசுக்கிய பின்னும் ஒரு கார் புதுக் கார்தானா? பழம் நசுங்கியதும் புதுமை கழிந்தது, கூடுதல் விலை கேட்பது தகாது என்பர் ஒரு சாரார் (டீக்கடை வாய்மொழி, இரண்டாம் பெஞ்சு). திருஷ்டி கழிந்த கார் என்பதால் கூடுதலாகவே கேட்கலாம் என்பர் மறுசாரார் (புரோக்கர் ஒருவர், ஆர்.சி. நகலின் பின்புறம், பென்சில் குறிப்பு, ஓரம் சிதைந்தது). பின்சக்கரப் பழம் இரண்டும் இடைச்செருகல், மூலப் பாடத்தில் முன்சக்கரம் மட்டுமே என்பது மூன்றாம் கட்சி (மேற்படியாரின் மைத்துனர், பிள்ளையார் கோயில் வாசல், செருப்பு விடுமிடத்துக்கு இடப்புறம், ஆடி வெள்ளி; மேளச் சத்தத்தில் கேட்காமல் போன பகுதி பதிப்பாசிரியர் ஊகத்தால் நிரப்பப்பட்டது). மைத்துனர் புரோக்கரை மேற்கோள் காட்டுகிறார், புரோக்கர் மைத்துனரைக் காட்டுகிறார். ஆகவே இக்கருத்து ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. பல்கலைக்கழகங்களிலும் இப்படித்தான் நிறுவுகிறார்கள்.

பழத்தின் பலன் வண்டியோடு கைமாறுமா, முதல் ஓனரிடமே தங்கிவிடுமா? உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டையும் வரிவரியாக ஆராய்ந்தேன். எஞ்சின் எண்ணுக்கும் சேசிஸ் எண்ணுக்கும் இடம் இருக்கிறது. பழத்துக்கு இல்லை.

மேலைநாட்டார் இதில் பின்தங்கியுள்ளனர். இரண்டாண்டு விற்பதில்லை என்ற உடன்பாட்டை மீறி ஃபோர்டு ஜிடி காரை விற்றதற்காக, 2017-இல் மல்யுத்த வீரர் ஜான் சீனா மீது ஃபோர்டு வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு சமரசமானது. பழம் நசுக்கப்பட்டதா என்ற அடிப்படைக் கேள்வியைக்கூட எத்தரப்பும் எழுப்பவில்லை.

கூடுதல் பணம் கொடுத்து வாங்கத் துடிப்போர் கவனத்துக்கு: மீட்டரில் ஐம்பது கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும், ஆர்.சி.யில் நீங்கள் இரண்டாவது ஓனர். நாளை நீங்கள் விற்கப் போகும்போது இதே புரோக்கர் அதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார். பதினான்கு நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள். எலுமிச்சம்பழம் உங்கள் செலவு.